சூளைக்கு வாயு: சிலிண்டரின் எழுத்தும் எண்ணும்



பழமலைநாதர் கோயில் கொண்ட இவ்விருத்தாசலத்திலே பீங்கான் தொழிற்பேட்டை உண்டானதன் பயனாக நம்மவருள்ளும் சிலர் சூளையால் ஜீவிக்கின்றனர். விறகை விடுத்து எரிவாயுவை நாடுவோர்க்குப் பயன்படுமாறு சிலிண்டரைக் குறித்துச் சில சொல்ல விரும்புகின்றோம்.

வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ, வியாபாரத்திற்குரியவை 19 கிலோவும் 47.5 கிலோவும். இவை உள்ளிருக்கும் வாயுவின் எடையேயன்றி இரும்பின் எடையைச் சேர்த்தவையல்ல. இரும்பின் வெற்றெடை சிலிண்டரின் மேற்பட்டையிற் குறிக்கப்பட்டிருக்கும். அது 18.4 கிலோவாயிருக்க, தராசு 24.4 காட்டுமாயின், எஞ்சியது 6 கிலோ என்றறிக.

அழுத்தமானியைப் பார்த்து இதனை அறியலாகாதோ எனின், ஆகாது. வெல்டிங் பட்டறையின் ஆக்ஸிஜன் உருளையில் ஆகும்; அங்கே உள்ளது முழுதும் வாயு. நிறைந்தபோது 150 காட்டிய முள் 75க்கு இறங்கினால் பாதி செலவாயிற்று என்பது ஏறக்குறையச் சரி. சமையல் வாயுவோ உள்ளே திரவமாய் நிற்பது. திரவம் சிறிதேனும் எஞ்சியிருக்குமளவும் அதன் அழுத்தம் வெப்பத்தையே பெரிதும் பின்பற்றும்; அளவைச் சொல்லாது. சித்திரைப் பகலில் முள் ஏறும். மார்கழி விடியலில் தாழும்.

இதனை அறியாமையால் விளையும் கேடு பெரிது. சூளை மிகுதியாக வாயுவை இழுக்குங்கால் திரவம் ஆவியாகித் தன் வெப்பத்தைத் தானே இழக்கின்றது. உருளையின் புறத்தே நீர் துளிர்க்கும். சில வேளை உறைபனியும் படியும். முள் இறங்கும், சுடர் குன்றும், மெருகு உருகவேண்டிய தருணத்தில் சூடு நின்றுவிடும். ஒரு சூளைச் சரக்கும் பல நாளுழைப்பும் வீணாம். வாயு தீர்ந்ததென்று பாதி நிறைந்த உருளையைத் திருப்பியனுப்புவாரும் உளர். அதனடியில் நெருப்பு மூட்டுவாரும் உளர். பின்னது உயிருக்கே உலை வைப்பதாகும். செய்யத்தக்கது, பல உருளைகளை ஒரே குழாயில் இணைத்து, ஒவ்வொன்றினின்றும் சிறிது சிறிதாக எடுப்பதே.

அழுத்த அலகுகளிலும் எச்சரிக்கை வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்பது சதுர அங்குலத்திற்கு 14.2 ராத்தல், 1 பார் என்பது 14.5 ராத்தல், அதாவது 100 கிலோபாஸ்கல். (வீட்டுச் சிலிண்டரின் 14.2க்கும் இந்த 14.2க்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.) ஒரு மானியில் பல அலகுகள் வட்டமிட்டிருப்பின், எதனைப் படிக்கின்றோமென்று முதலில் நோக்குக.

இன்னுமொன்று. பட்டையின் உட்புறத்தில் டி 28 போன்றதோர் குறியுண்டு. ஏ, பி, சி, டி என்பன ஜனவரி முதலாக முறையே நான்கு காலாண்டுகள்; எண் ஆண்டு. டி 28 எனின் 2028 டிசம்பருக்குள் அவ்வுருளை மறுபரிசோதனைக்குச் செல்லவேண்டும். வாயு கெட்டுப்போகும் நாளென்று இதனைப் பலர் எண்ணுகின்றனர், சோதிக்கவேண்டியது இரும்பையே. தவணை கடந்த உருளை வந்தால் ஏற்காது திருப்பியனுப்புக.