சமய வாதமும் சபைப் பண்பும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் மாலை, இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். நானோ சமயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இவ்விரண்டிற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன்.

நிலக்கோட்டைப் பக்கத்தில் ஓர் ஊர், பெயர் வேண்டா. அங்கே நம் தெருச் சாவடியில் ஓர் இரவுப் பாடசாலை நடந்து வந்தது. நம் இளைஞர் மூவர் ஊதியமின்றிப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருவர் மாரியம்மன் கோயில் பூசாரியின் மகன். ஒருவர் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குச் செல்பவர். ஒருவர் பௌத்தம் தழுவியவர். ஒரு நாள், சாவடிச் சுவரில் யாருடைய படத்தை மாட்டுவது என்று பேச்சு எழுந்தது. பேச்சு வாதமாயிற்று, வாதம் வசையாயிற்று. ஒருவருடைய வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றார் ஒருவர். ரொட்டிக்கு மாறியவர்கள் என்றார் மற்றவர். கடவுளைக் கும்பிடுகிறவர்கள் எல்லாரும் மூடர் என்றார் மூன்றாமவர். மறுநாள் பாடசாலை திறக்கவில்லை. ஆறு திங்கள் பூட்டிக் கிடந்தது. மீண்டும் திறந்தபோது, படிப்பில் முதலாக நின்ற பெண் பிள்ளைகள் இருவர் நூற்பாலை வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். அவர்கள் திரும்பவில்லை. அன்றைய வாதத்தின்போது நானும் அச்சாவடியில் இருந்தேன். பெரியவன் என்ற முறையில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாய் திறவாமல் எழுந்து போனேன். அந்தக் குற்ற உணர்வே இன்று என்னைப் பேச வைக்கிறது.

நம் திண்டுக்கல்லைப் பாருங்கள். பேகம்பூர்ப் பள்ளிவாசலின் பாங்கொலியும், புனித வளனார் பேராலயத்தின் மணியோசையும், மாசித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோயில் மேளமும் ஒரே நகரில் ஒலிக்கின்றன. நம் தெருக்களிலோ அவை ஒரே வீட்டிற்குள்ளேயே ஒலிக்கின்றன. அண்ணன் ஒரு சமயம், தம்பி ஒரு சமயம், தாய் இரண்டிற்கும் விளக்கேற்றுபவள். ஆகவே, சமய வாதம் நமக்கு அயலாரோடு நடக்கும் வாதம் அன்று. உடன்பிறந்தாரோடு நடக்கும் வாதம்.

தமிழ் மண்ணில் இது புதிதும் அன்று. மணிமேகலைக் காப்பியத்தில், இந்திர விழாவின் தொடக்கத்தில் முரசறைவோன் ஓர் அறிவிப்புச் செய்கிறான். பல சமயத்தாரும் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறி வாதிடுக என்கிறான். பகைவரே எதிர்ப்படினும் சினமும் கலகமும் செய்யாது விலகுக என்கிறான். வாதம் வேண்டும், கலகம் வேண்டா என்பதே அதன் கருத்து. அதை ஊருக்கு அறிவித்தவன் முதுகுடியிற் பிறந்தவன் என்று நூல் கூறுகிறது. முரசோடு உறவுடைய நமக்கு அச்செய்தி நினைவில் நிற்க வேண்டும்.

நம் முன்னோர் இவ்வழியிலேயே நடந்தார்கள். ஜான் இரத்தினம் கிறித்தவப் போதகர். அயோத்திதாசப் பண்டிதர் அந்நாளில் அத்வைதக் கொள்கையினர். எனினும், 1885ஆம் ஆண்டில் தொடங்கிய ‘திராவிட பாண்டியன்’ இதழ்ப் பணியில் இருவரும் துணை நின்றார்கள். பண்டிதர் 1898இல் பௌத்தம் தழுவினார். அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன் அவ்வழியில் செல்லவில்லை. 1893இல் சீனிவாசன் தொடங்கிய ‘பறையன்’ இதழின் பெயரையே பண்டிதர் ஏற்கவில்லை. பெயரில் வேறுபாடு, சமயத்தில் வேறுபாடு. ஆயினும் ஒடுக்கப்பட்டோர் உரிமை என்ற பணியை இருவருமே கைவிடவில்லை.

1930இல் தொடங்கிய இலண்டன் வட்டமேசை மாநாட்டில், ஒடுக்கப்பட்டோரின் பேராளர்களாக அமர்ந்தவர்கள் இருவர்: டாக்டர் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன். 1935 அக்டோபரில் இயோலா மாநாட்டில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தபோது சீனிவாசன் உடன்படவில்லை. நாம் வருணத்திற்குப் புறம்பானவர்கள். இல்லாத சமயத்திலிருந்து வெளியேறுவது எப்படி என்பது அவர் வாதம். அம்பேத்கரும் அவசரப்படவில்லை. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவும் வரை 21 ஆண்டுகள் படித்தார், ஆராய்ந்தார், விவாதித்தார். இருபத்தோராண்டுச் சிந்தனையை ஒரே மாலையில் ஒருவர் மீது திணிக்க முயல்வது முறையாகுமா?

இன்னுமொரு சான்று. 1936இல் இலாகூர் ஜாத்–பாத் தோடக் மண்டலத்தார் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்துவிட்டு, உரையின் கருத்தைக் கண்டு அஞ்சி மாநாட்டையே கைவிட்டார்கள். அவர் அவ்வுரையைத் தம் செலவில் நூலாக்கினார். அதுவே ‘சாதியை ஒழிக்கும் வழி’ என்று நாம் போற்றும் நூல். காந்தியடிகள் தம் ‘ஹரிஜன்’ இதழில் அதனை மறுத்து எழுதினார். ஆனால், உரையைக் கேட்கும் வாய்ப்பை மக்களுக்கு மறுத்தது தவறு என்றும் அதிலேயே குறிப்பிட்டார். எட்டணா விலையை இரண்டணாவாக, அல்லது நாலணாவாகவேனும் குறைக்கலாம் என்றும் எழுதினார். தாம் மறுக்கும் நூலைப் பலரும் படிக்கட்டும் என்ற மனம் அது! அம்பேத்கரோ 1937இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில், காந்தியடிகளின் மறுப்பையும் சேர்த்து அச்சிட்டு, அதன்பின் தம் விடையை வைத்தார். அவ்விடையில் கூர்மை குறையவில்லை; ஒரு கருத்தையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எதிராளியின் சொல்லை மறைக்காமல், இரண்டையும் படித்து முடிவு செய்க என்று வாசகரிடம் விட்டார். இதுவே சபைப் பண்பு.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பொறுமை, பொறுமை என்று நூற்றாண்டுகளாக நமக்குத்தானே போதித்தார்கள், இன்னும் பொறுக்க வேண்டுமா என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் சொல்வது அநீதியைப் பொறுப்பது அன்று. மனிதரை மதிப்பது வேறு. சாதியை மதிப்பது வேறு. 1939 ஜூலை 8ஆம் நாள் கக்கன் முதலானோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது, பூட்டிய வாயிலைப் பொறுக்காததால்தான். வடக்கன்குளம் தேவாலயத்திற்குள் சாதி பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிந்தது, அதைப் பொறுக்காதவர்கள் இருந்ததால்தான். எந்தச் சமயத்தில் சாதி ஒளிந்திருந்தாலும் அதைச் சுட்டிக் காட்டுங்கள். முதலில் உங்கள் சமயத்தில் சுட்டிக் காட்டுங்கள்.

ஒரு கொடிய ஏளனத்தையும் கைவிட வேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் அது விரிந்தது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் இன்றளவும் இல்லை. இதனால் நம் குடும்பங்கள் சில, சான்றிதழில் ஒரு சமயமும் நெஞ்சில் ஒரு சமயமுமாக வாழ்கின்றன. அவர்களை இரட்டை வேடக்காரர் என்று நம்மவரே இகழலாமா? இகழ வேண்டியவர்கள் அவர்கள் அல்லர். மாற்ற வேண்டியது அந்த நிலைமை.

இறுதியாக, இளைஞர்களுக்குச் சில வேண்டுகோள்கள். எதிராளியின் கருத்தை, அவரே ஆம் என்று ஒப்பும்படி எடுத்துச் சொல்லிவிட்டு மறுப்பைத் தொடங்குங்கள். உங்கள் நூலின் உயர்வையும் அவருடைய ஊரின் தாழ்வையும் ஒப்பிடாதீர்கள். நூலை நூலோடும் நடப்பை நடப்போடும் ஒப்பிடுங்கள். ஒருவருடைய தாயின் வழிபாட்டை அவர் முன் எள்ளாதீர்கள். துக்க வீட்டிலும் பாட வேளையிலும் வாதம் வேண்டா. வாதம் முடிந்தபின் ஒரே கடையில் தேநீர் அருந்திவிட்டுப் பிரியுங்கள். அது முடியாவிட்டால், வாதத்தில் எங்கோ பிழை நேர்ந்தது என்று அறியுங்கள்.

நான் சொன்ன சாவடியின் சுவர் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அதில் ஒரு கரும்பலகை மாட்ட இச்சங்கம் உதவ வேண்டும். அதன் முன் எந்தச் சமயத்துப் பிள்ளையும் அமரட்டும். எந்தச் சமயத்து இளைஞரும் பாடம் சொல்லட்டும். இனி ஒரு பிள்ளையின் படிப்பும் நம் வாதத்தால் நின்றுபோகாதிருக்கட்டும்.

சங்கம் பொன் விழாக் காண வாழ்த்தி அமர்கிறேன்.