தனியே வேட்டைக்குச் செல்லுமுன்



நாம் பாடுபட்டு வளர்த்த மரவள்ளியைக் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் கிளறிப் போட்டுவிடுவதுண்டு. அதனைக் கண்டு மனம் பொறாத இளைஞர் சிலர், துப்பாக்கியுடன் தனியே புறப்பட எண்ணுகின்றனர். அவ்வாறு புதிதாகப் புறப்படுவோர் நலமுடன் வீடு திரும்ப வேண்டும். மற்றவரும் நலமுடன் வீடு திரும்ப வேண்டும். அதனைப் பற்றியே இன்று பேசுகின்றோம்.

முதலாவது, சட்டம். துப்பாக்கி வைத்திருக்க 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி போலீசாரின் லைசென்சு வேண்டும். தீபகற்பத்தில் காட்டுப்பன்றியை வேட்டையாட, 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்கு இலாகாவின் லைசென்சும் வேண்டும். நண்பரின் துப்பாக்கியை ஓரிரவுக்கு இரவல் வாங்கிச் செல்வது பெருங்குற்றம். சிறையும் பிரம்படியும் கிடைக்கக்கூடும். தோட்ட நிலமாயின் நிர்வாகத்தின் அனுமதியையும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கி இல்லாதவர் கம்பிக் கண்ணி வைக்கலாம் என எண்ண வேண்டா. அதனையும் அதே சட்டம் தடுக்கின்றது. பன்றிக்கு வைத்த கண்ணியில் புலியும் சிக்கி மடிகின்றது. நம் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளன என 2022இல் அறிவிக்கப்பட்டது. மின்சாரக் கம்பி இழுப்பதோ, வழியே வரும் மனிதரையும் கொன்றுவிடும்.

இரண்டாவது, பழக்கம். முதல் சில தடவைகள் அனுபவமுள்ள பெரியவர் ஒருவருடன் செல்லுங்கள். தனியே செல்லும் நாளில், எந்தப் பக்கம் செல்கின்றீர், எத்தனை மணிக்குத் திரும்புவீர் என வீட்டாரிடம் சொல்லிச் செல்லுங்கள். சொன்ன நேரத்திற்குள் வராவிடில் எவரிடம் தெரிவிப்பது என்பதையும் கூறிவிடுங்கள். கைப்பேசி இருக்கின்றதே என்று இருந்துவிடலாகாது. காட்டோரத்தில் அது பல வேளைகளில் எடுப்பதில்லை. தண்ணீர், டார்ச் விளக்கு, ஊதல், காயத்தைக் கட்ட நீண்ட துணி ஆகியவை உடன் இருக்கட்டும்.

மூன்றாவது, துப்பாக்கி. கால்வாயைத் தாண்டும்போதும் வேலி ஏறும்போதும் தோட்டாவை எடுத்துவிடுங்கள். சுடும் கணம் வரையில் விரல் விசையில் படலாகாது.

இனி நாம் கூறுவதை எல்லாவற்றினும் மேலாக மனத்தில் வையுங்கள். பொழுது புலருமுன்பே நம் மக்கள் தலைவிளக்குடன் பால் வெட்டச் செல்கின்றனர். மரத்தின் அடியில் குனிந்து வெட்டும் ஒரு தாயின் உருவம், மங்கிய ஒளியில், புதருக்கப்பால் நிற்கும் விலங்கினைப் போலவே தோன்றும். அசைவைக் கண்டோ ஓசையைக் கேட்டோ சுடாதீர்கள். தலை முதல் கால் வரை விலங்கு தெளிவாகத் தெரிய வேண்டும். அதன் பின்னால் என்ன உள்ளது என்பதும் தெரிய வேண்டும். தவறிய குண்டு மரங்களுக்கிடையே நெடுந்தூரம் பாய்ந்து செல்லும். வெட்டு நடக்கும் நிரைகளின் பக்கம் துப்பாக்கியை நீட்டவே வேண்டா.

காயமுற்ற பன்றி லாலாங் புல்லுக்குள் புகுந்தால் தனியே பின்தொடராதீர்கள். அது திரும்பிப் பாய்ந்து தொடையைக் கிழித்துவிடும். பெருகும் இரத்தத்தைக் கட்ட உதவிக்கு எவரும் இருக்கமாட்டார். இடத்தை அடையாளம் வைத்துத் திரும்பி வந்து, அனுபவமுள்ளோரை அழைத்துச் செல்லுங்கள்.

வழி தவறினால் ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே அமர்ந்து, மும்முறை ஊதி, சற்று இடைவெளி விட்டு மீண்டும் ஊதுங்கள். தேடி வருவோர் ஓரிடத்தில் இருப்பவரையே விரைவில் கண்டுபிடிப்பர்.

இளைஞர்களே! வெறுங்கையுடன் திரும்பினால் லயத்தில் நாலு பேர் நகைக்கலாம். மறுநாள் பெரட்டில் அதனை மறந்துவிடுவர். ஐயத்துடன் சுட்ட ஒரு குண்டினை எந்தக் குடும்பமும் மறவாது. ஐயம் எழுந்தால் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுங்கள் எனக் கேட்டுக்கொண்டு விடைபெறுகின்றோம்.