எல்லாப் பிள்ளைகளோடும் இந்தப் பிள்ளை

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில், தாய்மார் அரங்கில் ஆற்றப்பட்ட உரை)



இந்த மேடையில் நின்று பேச எனக்கு இருக்கும் தகுதி ஒன்றே ஒன்றுதான். நான் மூன்று பிள்ளைகளின் தாய். மூத்தவள் ஒன்பது வயதுப் பெண். கடைசிப் பையனுக்கு மூன்று வயது. நடுப்பிள்ளைக்கு ஆறு வயது. அவன் டவுன் சின்ட்ரோமுடன் பிறந்தவன். நான் மருத்துவரும் அல்லள், ஆசிரியையும் அல்லள். நெகிரி செம்பிலானில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடித்தனம் நடத்துகிறவள். என் கணவர் குலை அறுக்கிறார். நான் உதிரிப்பழம் பொறுக்கப் போகிறேன்.

'இப்படிப்பட்ட பிள்ளையை எப்படியம்மா வளர்க்கிறாய்?' என்று பலரும் என்னைக் கேட்கிறார்கள். அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் என் வீட்டில் இருப்பது ஒரு பிள்ளை அல்ல, மூன்று பிள்ளைகள். மூவரையும் சேர்த்து வளர்ப்பது எப்படி என்பதுதான் எங்கள் கேள்வி. இன்று நான் சொல்ல வந்ததும் அதுவே.

முதலில், இது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1866ஆம் ஆண்டில் இக்குழந்தைகளின் இயல்புகளை எழுதி வைத்தார். அவர் பெயரே இதற்கு நிலைத்தது. காரணம் தெரிய மேலும் 93 ஆண்டுகள் ஆயின. 1959இல் ஜெரோம் லெஜோன் என்ற பிரெஞ்சு மருத்துவரும் அவருடைய சகாக்களும் அதை வெளியிட்டார்கள். பொதுவாக நம் உடம்பின் ஓர் உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன. இக்குழந்தைகளுக்கு 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதால் மொத்தம் 47 ஆகிறது. இவ்வளவுதான் விஷயம். இது நோயன்று, ஒட்டிக்கொள்வதன்று, மருந்து கொடுத்து மாற்றக்கூடியதுமன்று.

ஏறக்குறைய ஆயிரம் பிரசவத்துக்கு ஒரு குழந்தை இவ்வாறு பிறக்கிறது. மலாய்க்காரர், சீனர், தமிழர், வெள்ளைக்காரர் என்ற பேதம் இதற்கு இல்லை. தாயின் வயது கூடக் கூட வாய்ப்பும் கூடுகிறது. 25 வயதில் ஆயிரத்துக்கும் மேல் ஒன்றாக இருப்பது 40 வயதில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு வருகிறது. ஆயினும் இளம் வயதுத் தாய்மாரே அதிகம் பிள்ளை பெறுவதால், இக்குழந்தைகளில் பலர் இளம் தாய்மாருக்கே பிறக்கிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம் லயங்களில் பழி எப்போதும் தாயின் தலையில்தான் விழுகிறது. 'கிரகணத்தன்று வெளியே போயிருப்பாள்', 'குலசாமிக்கு வைத்த நேர்த்தியை மறந்திருப்பாள்', 'போன ஜென்மத்துப் பாவம்' என்றெல்லாம் பேசுவார்கள். தாய்மார்களே, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இந்த மாற்றம் கரு உண்டாவதற்கு முன்பே, முட்டையோ விந்தோ உருவாகும்போதே நேர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தத் தாய் எதைத் தின்றாள், எங்கே போனாள், எதைப் பார்த்தாள் என்பதற்கும் இதற்கும் கிஞ்சித்தும் சம்பந்தம் இல்லை. மிகச் சிலருக்கு மட்டும் இது பெற்றோர் ஒருவர் வழியாக வரக்கூடும். அது தாயாகவும் இருக்கலாம், தகப்பனாகவும் இருக்கலாம். குழந்தையின் இரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். அடுத்த பிள்ளை வேண்டுவோர் அந்த முடிவைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, முதல் ஆண்டில் செய்ய வேண்டியவை. இக்குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு இருதயத்தில் ஏதேனும் குறை இருக்கும். பார்வைக்குக் குழந்தை நன்றாகத்தான் இருக்கும். ஸ்கேன் செய்தால்தான் தெரியும். ஆகவே பிறந்த முதல் மாதத்திலேயே இருதய ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். காது, கண், தைராய்டு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். காதுக்குள் நீர் கட்டிக்கொண்டால் பிள்ளைக்குப் பேச்சு சரியாக வராது. நாமோ, 'இந்தப் பிள்ளைக்குப் பேச்சு இப்படித்தான்' என்று விட்டுவிடுவோம். தைராய்டு குறைந்தால் பிள்ளை சோம்பிப் போகும், உடல் பெருக்கும். அதையும் 'இவன் சுபாவம்' என்று எண்ணிவிடுவோம். குணப்படுத்தக்கூடியதைக் குணப்படுத்த முடியாததோடு சேர்த்து எண்ணுவதுதான் இக்குழந்தைகளுக்கு நேரும் பெரிய அநியாயம்.

இருதயச் சிகிச்சைக்கு 1992இல் கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகம் திறக்கப்பட்டது. சிரம்பானில் துவாங்கு ஜாபர் மருத்துவமனை இருக்கிறது. இவையெல்லாம் நம் நாட்டில் உண்டு. 1983இல் அமெரிக்காவில் இத்தகையோரின் சராசரி ஆயுள் 25 வயதாக இருந்தது. இன்று அங்கே அது அறுபதை எட்டியிருக்கிறது. இருதயச் சிகிச்சை கிடைத்ததும், பிள்ளைகளை விடுதிகளில் ஒதுக்கி வைக்காமல் வீட்டில் வளர்த்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். என் நடுமகன் தலை நிற்க நாளாயிற்று. பதினான்கு மாதத்தில் உட்கார்ந்தான். இரண்டரை வயதில் நடந்தான். இப்பிள்ளைகளின் தசைகள் தளர்ந்து இருப்பதால் எல்லாம் தாமதமாக வரும், ஆனால் வரும். அதற்குப் பயிற்சி வேண்டும். உடற்பயிற்சி நிபுணர் மாதம் ஒரு முறை சொல்லிக் கொடுப்பதை நாம் தினமும் செய்ய வேண்டும். தனியாக நேரம் ஒதுக்கத் தோட்டத்துத் தாய்க்கு ஏது நேரம்? ஆகவே வேலையோடு வேலையாகத்தான் செய்தேன். துணி மடிக்கும்போது அவனும் ஒரு துண்டை மடிப்பான். கடலை உரிப்பது விரலுக்குப் பயிற்சி. வாசல்படியில் ஏறி இறங்குவது காலுக்குப் பயிற்சி. தண்ணீர் கேட்கக் கையால் சைகை காட்டக் கற்றுக்கொடுத்தோம். சைகை பழகினால் பேச்சு வராது என்று அக்கம்பக்கத்தில் பயந்தார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. சைகையோடு சேர்ந்தே சொல்லும் வந்தது.

பேச்சைப் பற்றி இன்னொன்று. 'வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், தமிழை விட்டுவிடுங்கள்' என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். கனடாவில் எலிசபெத் கே-ரெய்னிங் பர்ட் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு மொழி கேட்டு வளரும் டவுன் சின்ட்ரோம் குழந்தைகள், ஒரே மொழி கேட்டு வளரும் அத்தகைய குழந்தைகளைவிடப் பின்தங்கவில்லை என்று அதில் கண்டார்கள். பாட்டி தமிழ் பேசுகிறார், கோயிலில் தமிழ், அக்காளும் தம்பியும் சண்டை போடுவது தமிழில். அந்தத் தமிழை அவனிடமிருந்து எடுத்துவிட்டால் அவன் தன் சொந்த வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவான்.

இப்போது மற்ற இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

இப்படி ஒரு பிள்ளை பிறந்த வீட்டில் ஓர் அக்காள் இருந்தால், யாரும் சொல்லாமலேயே அவள் இன்னொரு தாய் ஆகிவிடுகிறாள். விளையாடப் போகும்போது இடுப்பில் தம்பி. பள்ளியில் போட்டி விளையாட்டு நடக்கும் நாளில் அம்மாவுக்கு வேலை, ஆகவே அவள் வீட்டில். 'நல்ல பெண், பொறுப்பான பெண்' என்று எல்லாரும் புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சியே அவளைக் கட்டிப்போட்டுவிடும். ஆகவே நானும் என் கணவரும் ஒரு விதி வைத்துக்கொண்டோம். அவள் அக்காள்; ஆயா அல்லள். அவனோடு விளையாடலாம், சண்டை போடலாம், கோபித்துக்கொள்ளலாம். ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் எங்கள் இருவர் வேலை. என் கணவர் வேலை முடிந்து வந்ததும் அவனைக் குளிப்பாட்டுவது அவர் பொறுப்பு. ஆண்கள் இப்படிச் செய்வதைக் கண்டு லயத்தில் முதலில் சிரித்தார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் மூத்தவளுக்கு மட்டுமே உரியது. அப்போது அவள் கதையை மட்டும் கேட்பேன்.

கடைசிப் பையன் இரண்டு வயதிலேயே பேச்சில் நடுவனை முந்திவிட்டான். ஒரு நாள், 'அண்ணன் ஏம்மா சரியாப் பேச மாட்டேங்குது?' என்று கேட்டான். 'அண்ணனுக்கு எல்லாம் மெதுவாத்தான் வரும், சாமி' என்றேன். அவனுக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் ஒன்றில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. தம்பி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். எத்தனை முந்தினாலும் தம்பி தம்பிதான். குடும்பத்தில் அவனுக்குரிய இடத்தை அந்த ஒரு சொல் காப்பாற்றுகிறது.

அதுபோலவே, மூவருக்கும் ஒரே சட்டம். உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தட்டைக் கழுவும் இடத்தில் வைக்க வேண்டும். அடித்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும். இப்பிள்ளைகள் பேசுவதைவிட அதிகமாகப் புரிந்துகொள்கிறவர்கள். கோயிலில் அவனைக் கண்டதும் 'ஐயோ பாவம்' என்று சொல்லி மிட்டாய் கொடுக்கிறீர்களே, அந்தச் சொல்லும் அவனுக்குப் புரிகிறது. எளிதில் உடல் பெருக்கும் பிள்ளைக்கு மிட்டாயும் ஆகாது, 'பாவம்' என்ற சொல்லும் ஆகாது.

பெரியோர்களே, அந்தக் காலத்துத் தோட்டத்தில் நமக்கு ஒரு வசதி இருந்தது. விடிவதற்கு முன் தாய் பால்மரம் வெட்டப் போய்விடுவாள். பிள்ளைகள் எல்லாரும் ஆயாக் கொட்டகையில் இருப்பார்கள். மருத்துவ வசதி குறைவுதான். ஆனால் தாமதமாக நடக்கும் பிள்ளையும் மற்ற பிள்ளைகளோடு அதே திண்ணையில்தான் உருளும். இன்று செண்டாயான், நீலாய் பக்கமெல்லாம் தோட்டங்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. அடுக்குமாடிக்குப் போன குடும்பங்களில் தாயும் தகப்பனும் வேலைக்குப் போக, பிள்ளை பாட்டியோடு பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது. எஞ்சியுள்ள தோட்டங்களிலோ நம்மவர் குடும்பங்கள் குறைந்துவிட்டன. பிள்ளையோடு விளையாடப் பிள்ளைகள் இல்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். சமூகநல இலாகாவில் பதிந்தால் ஓ.கே.யூ. அட்டை கிடைக்கும், டவுன் சின்ட்ரோம் 'கற்றல் குறைபாடு' என்ற பிரிவில் வருகிறது. 1984இல் திரெங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு மையங்கள் இன்று நாடெங்கும் ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன. 2008இல் உடற்பேறு குறைந்தோர் சட்டம் வந்தது. 2019இலிருந்து எந்தப் பிள்ளையையும் பள்ளிகள் திருப்பி அனுப்பக்கூடாது என்பது கல்வி அமைச்சின் கொள்கை. சாதாரணப் பள்ளிகளிலேயே சிறப்புக் கல்வி வகுப்புகள் இருக்கின்றன.

ஆனால் மையம் டவுனில் இருக்கிறது. பிள்ளை தோட்டத்தில் இருக்கிறது. நடுவில் இருக்கும் அந்தப் பத்துப் பதினைந்து மைலைக் கடக்க பஸ் இல்லை. மருத்துவமனைக்குப் போகும் நாளில் எனக்குக் கூலி இல்லை. ஒரு மாதத்தில் இருதயம், காது, பேச்சுப் பயிற்சி என்று மூன்று நாள் போனால் மூன்று நாள் சம்பளம் போயிற்று. பல தாய்மார் சிகிச்சையை நிறுத்துவது அறியாமையால் அன்று, இந்தக் கணக்கால்தான்.

ஆகவே அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் மூன்று விண்ணப்பங்கள். ஒன்று, தோட்டங்களிலிருந்து பி.டி.கே. மையத்துக்கும் மருத்துவமனைக்கும் வாரம் இரண்டு நாளாவது ஒரு வேன். இரண்டு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூடிப் பேச இந்த மண்டபத்தில் இடம். சென்னையில் சுரேகா ராமச்சந்திரன் என்ற தாய், தம் மகள் டவுன் சின்ட்ரோமுடன் பிறந்த பின் தாமே கற்று, மற்றப் பெற்றோரையும் திரட்டி ஓர் அமைப்பையே வளர்த்தெடுத்தார். இங்கும் அப்படி ஒரு தொடக்கம் வேண்டும். மூன்று, நம் சமய வகுப்பிலும் பாலர் பள்ளியிலும் இப்பிள்ளைகளுக்கு ஒரு பாய். அவன் தேவாரம் முழுதும் பாடமாட்டான். கடைசிச் சொல்லைச் சேர்ந்து பாடுவான். அது போதும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். இப்பிள்ளைக்கும் காது குத்துங்கள், முடி இறக்குங்கள், கல்யாண வீட்டுக்கு அழைத்துப் போங்கள். ஒளித்து வளர்க்கும் பிள்ளையை ஊருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியாத பிள்ளைக்கு நாளைக்கு யாரும் துணை வரமாட்டார்கள்.

நமக்குப் பின் இவனுக்கு யார் என்ற கேள்வி எனக்கும் இரவில் வருகிறது. இவர்கள் அறுபது வயது வாழும் காலம் இது. அந்தப் பாரத்தை ஒன்பது வயதுப் பெண்ணின் தலையில் இப்போதே ஏற்றி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவளாக விரும்பி ஏற்றால் அது அன்பு. வேறு வழியின்றி ஏற்றால் அது தண்டனை. அவளுக்கு அந்தச் சுதந்திரம் இருக்க வேண்டுமானால், அவன் தன் வேலையைத் தானே செய்யப் பழக வேண்டும்; ஊரும் அவனை அறிந்திருக்க வேண்டும். அந்த ஊர் என்பது இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் நீங்கள்தான்.