'நோ சிக்னல்' என்றால் என்ன?

(மண்ணூரில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டது பெரிய தத்துவ விஷயமல்ல. கம்ப்யூட்டர் திரையில் 'நோ சிக்னல்' என்று இரண்டு வார்த்தை தோன்றியவுடன் நம்மவர்கள் ஏன் கலங்கிப் போகிறார்கள் என்பதேயாகும். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இதனால் பணமும் போகிறது, பிழைப்பும் கெடுகிறது என்பதைக் கண்டே பேசுகிறோம்.

இந்தச் சுற்றுப்புறத்தையே பாருங்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை வேலை தொடங்கிற்று. 2006இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நோக்கியா செல்போன் ஆலை வந்தது. 2014இல் மூடியும் போயிற்று. உலகத்துக்கு யந்திரம் செய்து கொடுக்கும் கைகள் நம் பிள்ளைகளின் கைகள். அப்படியிருக்க, அந்தக் கைகளே வீட்டிலுள்ள யந்திரத்தைத் தொடப் பயப்படுவானேன்?

நாமறிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறோம். ஆயுத பூஜைக்காகக் கம்ப்யூட்டரை நகர்த்தித் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். மறுநாள் திரையில் 'நோ சிக்னல்' வந்தது. பிள்ளை வேலைக்கு மனுப் போடக் கடைசி நாள் அது. "பூஜையில் ஏதோ குறை" என்றார் பெரியவர். "மானிட்டர் போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்" என்றார் கடைக்காரர். கடைசியில் பார்த்தால், நகர்த்தியபோது பின்னாலிருந்த ஒயர் கழன்றிருந்தது! குறை பூஜையிலுமில்லை, மானிட்டரிலுமில்லை. ஆனால் மனுப் போடும் நாள் போய்விட்டது.

தோழர்களே! செத்தவன் எழுந்து "நான் செத்துப் போனேன்" என்று சொல்லுவானா? சொல்ல மாட்டான். அதுபோல் அடியோடு கெட்டுப்போன திரை எழுத்துக் காட்டாது. 'நோ சிக்னல்' என்று காட்டினால், அதற்கு மின்சாரம் வருகிறது, திரையும் எரிகிறது என்றே அர்த்தம். "நான் விழித்திருக்கிறேன், தபால்தான் வரவில்லை" என்று அது சொல்லுகிறது. தபால் அனுப்புவது கம்ப்யூட்டர் பெட்டி. கொண்டு வருவது ஒயர்.

தபால் வரவில்லையென்று திரைக்கு எப்படித் தெரியும்? 1987இல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டு வந்த வி.ஜி.ஏ. பிளக்கில் 15 ஊசிகள் உண்டு. மூன்று நிறங்களுக்கு மூன்று. அன்றியும், ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது, ஒவ்வொரு படமும் எங்கே தொடங்குகிறது என்று தாளம் போட இரண்டு. படம் சாதாரணமாக விநாடிக்கு 60 தடவை வரும். அந்தத் தாளம் நின்றால், சிக்னல் இல்லையென்று திரை அறிவித்துவிட்டுத் தூங்கப் போகும். பின்னால் வந்த 19 ஊசி எச்.டி.எம்.ஐ. ஒயரில் முறை வேறு, தத்துவம் ஒன்றே.

ஆகவே வரிசையாகப் பாருங்கள். முதலாவது, பெட்டி ஓடுகிறதா? விளக்கும் காற்றாடியும் இல்லையானால் தபால் எங்கிருந்து வரும்? ஓடினால், அது தூங்குகிறதோ என்று ஒரு சாவியைத் தட்டிப் பாருங்கள். இரண்டாவது, ஒயரின் இரு முனைகளையும் கழற்றி, ஊசி வளையாமல் அழுத்திச் சொருகுங்கள். மூன்றாவது, திரைக்கு இரண்டு மூன்று வாசல்கள் உண்டு. தபால்காரன் மேல வாசலில் நிற்கத் திரை கீழ வாசலைப் பார்த்துக் கொண்டிருந்தால் என்ன பிரயோஜனம்? அதன் பொத்தானை அழுத்திச் சரியான வாசலைத் தேர்ந்தெடுங்கள். நான்காவது, பெட்டியில் தனிப் படக் கார்டு இருந்தால் ஒயரை அதிலேயே சொருக வேண்டும். ஐந்தாவது, வேறு ஒயரோ, வேறு திரையோ இரவல் வாங்கி மாற்றிப் பாருங்கள். வேறு ஒயரும் வேறு திரையும் போட்ட பிறகும் அதையே சொன்னால் குற்றம் பெட்டியினுடையது. உள்ளே மெமரிக் கார்டு தளர்ந்திருந்தாலும் இப்படி நேரும். அதைத் தொடுமுன் கரண்டை அடியோடு எடுத்துவிட வேண்டும். திரையைப் பிரிப்பது மட்டும் தெரிந்தவர் வேலை.

நிற்க, 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வந்தால் அது வேறு சங்கதி. தபால் வந்துவிட்டது, ஆனால் இந்தத் திரையால் படிக்க முடியாத அளவிலோ வேகத்திலோ வந்திருக்கிறது. அளவையோ வேகத்தையோ குறைத்தால் போதும்.

இதையெல்லாம் நாம் சொன்னதற்காக நம்ப வேண்டாம். இன்றிரவே வீட்டில் ஒயரைக் கழற்றிப் பாருங்கள், செய்தி வரும். மறுபடி சொருகுங்கள்; செய்தி போகும். ஒரு தடவை கையால் செய்து பார்த்தவனை எந்தக் கடைக்காரரும் ஏமாற்ற முடியாது என்று கூறி, இவ்வளவோடு முடித்துக் கொள்ளுகிறோம்.