பைக் நம்முடையது, புத்தகம் யாருடைய பெயரில்?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று வந்திருப்பீர்கள். நான் இன்று பேசப்போவது பைக்குக்கு இன்சுரன்ஸ் எடுப்பதைப் பற்றி. சம்பளம் தானாகவே இடையில் வரும்.

ஒரு காலத்தில் தோட்டத்தில் பைக் என்றால் ஐயாமார் வீட்டு வாசலில்தான் நிற்கும். இன்று லயத்துக்கு லயம் நிற்கிறது. அதை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன். கடைசி பஸ் போன பிறகு காய்ச்சல் கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அந்தப் பைக்தான்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கினான். இன்சுரன்ஸ் எடுக்கக் கையில் காசோடு டவுனுக்குப் போனான். முதல் இடத்தில், "ஃபுல் இன்சுரன்ஸ் என்றால் செய்யலாம், தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் பிறகு வாங்க" என்றார்கள். இரண்டாவது இடத்தில் பைக் புத்தகத்தைப் பார்த்தார்கள். அதில் இருந்தது குருநாகல் பக்கத்து ஒருவரின் பெயர். நம் பையன் வாங்கியது நான்காவது கையாக. "உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் முகவரி கேட்டார்கள். தோட்டத்தையும் டிவிசனையும் சொன்னான். "வீட்டு இலக்கம் என்ன, வீதி என்ன?" என்று கேட்டார்கள். லயத்துக்கு ஏது வீதி?

மூன்று நாள் வேலை போனது. நாலாம் நாள் இன்சுரன்ஸ் இல்லாமலே ஓட்டினான், சந்தியில் பொலிஸ் மறித்தது. கோட்டில் 25,000 ரூபாய் கட்டினான். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தச் சம்பளத்தில் பதினெட்டு நாள் கொழுந்தெடுத்தாலும் அந்தத் தண்டத்துக்குப் போதாது.

ஆனால், தோழர்களே, தண்டம் சின்ன விஷயம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி எதற்கு என்று யோசியுங்கள். அது பைக்குக்கு இல்லை, ஓட்டுகிறவருக்கும் இல்லை. நம் பைக் மோதி இன்னொருவருக்குக் காயமோ மரணமோ நேர்ந்தால் அவருக்கு நட்டஈடு கிடைப்பதற்காக. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியதும் அதற்காகத்தான். நம் ரோட்டில் நடந்து வருவது யார்? கொழுந்து நிறுத்துவிட்டு வரும் தாய்மார், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். மோதுகிறவரும் நம்மவர், விழுகிறவரும் நம்மவர்.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் இப்படித்தான் ஓர் அம்மாவின் கால் முறிந்தது. பைக்குக்கு இன்சுரன்ஸ் இல்லை. ஓட்டிய பையனின் வீட்டில் மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை அடகுக்குப் போனது. அந்த அம்மாவுக்கும் அது போதவில்லை. ஒரே லயத்தில், ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கும் இரண்டு குடும்பம் இன்றுவரை பேசுவதில்லை.

இன்சுரன்ஸ் இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் வருமான உத்தரவுப்பத்திரமும் கிடைக்காது. புகைச் சான்றிதழ் மட்டும் இருந்து பயனில்லை. ஒரு பேப்பர் விட்டால் மற்றதெல்லாம் விட்டுப் போகிறது.

ஆகவே நாம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

பைக் வாங்கும்போது காசைக் கொடுத்துவிட்டு ஓப்பன் பேப்பரோடு வந்துவிடாதீர்கள். புத்தகத்தில் உள்ள பெயரும் விற்கிறவரின் அடையாள அட்டையும் ஒன்றா என்று பாருங்கள். உரிமை மாற்றும் படிவங்களில் அவர் கையெழுத்தை வாங்கி, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இரண்டாயிரம் குறைகிறது என்று நாலாவது கை பேப்பரை வாங்கினால், அந்த இரண்டாயிரத்தைப் போல் பல மடங்கு பிறகு போகும்.

முகவரிக்குக் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து வையுங்கள். முகவரிடம் காசு கொடுத்தால் பற்றுச்சீட்டும் காப்புறுதி அட்டையும் வாங்காமல் எழும்பாதீர்கள். அட்டையில் பைக் இலக்கமும் முடியும் திகதியும் சரியா என்று அங்கேயே வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கூட்டிப்போங்கள், அதில் வெட்கமில்லை. சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாதவரிடம் பைக்கைக் கொடுக்காதீர்கள். அட்டை இருந்தும் கம்பனி கைவிரிக்க அது ஒரு காரணமாகிவிடும். காசு வாங்கிக்கொண்டு அலைக்கழித்தால், முதலில் கம்பனிக்கு எழுத்தில் கொடுப்போம். பதில் வராவிட்டால் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதுவோம். கடிதம் எழுதித் தருவது என் பொறுப்பு.

இதெல்லாம் ஆளாளுக்குச் செய்வது. சங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு டிவிசனிலும் எத்தனை பைக், எத்தனை புத்தகம் சொந்தப் பெயரில், எத்தனைக்கு இன்சுரன்ஸ் உண்டு என்று தலைவர்மார் கணக்கெடுங்கள். அந்தப் பட்டியலோடு போனால், புத்தகம் சரியாக உள்ளவர்களுக்காவது ஒரே நாளில் தோட்டத்துக்கே வந்து அட்டை போட்டுத் தரும்படி கம்பனிகளிடம் கேட்கலாம். தனி ஆளை "பிறகு வாங்க" என்று அனுப்பியவர்கள், ஐம்பது பேர் பட்டியலைப் பார்த்தால் உட்காரச் சொல்வார்கள்.

லயத்துக் கதவுக்கு ஓர் இலக்கமும் கடிதம் நேராக வந்து சேரும் முகவரியும் கேட்டு நாம் போராடுவது ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பையனின் மூன்று நாளைச் சொல்லுங்கள். முகவரி இல்லாதவனுக்குச் சட்டப்படி நடப்பதற்கே வழி கிடைப்பதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தலைவரும் தன் டிவிசன் பட்டியலோடு வாருங்கள். என் பைக் புத்தகத்தை நான் கொண்டுவந்து முதலில் காட்டுகிறேன்.