இருட்டுக்கும் ஒரு பங்கு



திருப்பத்தூரிலிருந்து நெற்குப்பை, கண்டரமாணிக்கம், மகிபாலன்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் செட்டிநாட்டு வீடுகள் உண்டு. அவற்றைப் படமெடுக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எடுத்த படங்களில் பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், வண்ணக் கண்ணாடி எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. அந்த வீட்டுக்குள் கால் வைத்ததும் நமக்கு உண்டாகும் அமைதிதான் படத்தில் வரவில்லை. இருட்டைக் குறையென்று நினைத்துத் துடைத்துவிட்டார்கள்.

இந்த வீடுகளில் வெளிச்சம் வாசல் வழியாகக் கொஞ்சம் வரும். மிச்சமெல்லாம் வளவின், அதாவது வீட்டின் உள்கட்டின், நடுவே திறந்த முற்றத்திலிருந்துதான். உச்சிப்பொழுது வெயிலை விட்டுவிட்டால், அது வானத்து வெளிச்சம்; கூசாது, அடிக்காது. முற்றத்து ஓரம் நிற்பவர் முகம் துலக்கமாக இருக்கும். தூணுக்குப் பின்னால் போனால் பாதி முகம். அறை வாசலுக்குப் போய்விட்டால் உருவம் மட்டும்.

இந்த வெளிச்சத்தை உண்டாக்க ஒருவர் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’, 1956. காசியில் முற்றம் வைத்த வீடு ஒன்று கதையில் வருகிறது. மழைக்குப் பயந்து அந்த வீட்டைக் கல்கத்தாவில் ஸ்டுடியோவுக்குள் செட் போட்டார்கள். உள்ளே வானம் ஏது? ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைத் துணியின் மேல் அடித்து, அங்கிருந்து திரும்பி விழும் வெளிச்சத்தில் படமெடுத்தார். நமக்கு அந்த வெளிச்சத்தை முன்னோர்கள் வீட்டோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாமோ ஃபிளாஷ் அடிக்கிறோம்!

இன்னொரு படம் இந்தச் சீமைக்காரருடையது. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன் தயாரித்து, எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’, 1954. அதில் பாட்டும் கிடையாது, நடனமும் கிடையாது. ஒரு கொலை; ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். யார் சொல்வது நிஜமென்று தெரியாத அந்தக் கதைக்கு மாருதிராவின் ஒளிப்பதிவு நிழலையே துணைக்கு வைத்துக்கொண்டது. பிறகு 1987-இல் ‘நாயகன்’ படத்தில் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமின் இருட்டுக்குத் தேசிய விருதே கிடைத்தது.

சரி, நம் கையில் இருக்கும் கேமராவுக்கு இதெல்லாம் தெரியுமா? தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவரவே அதன் மீட்டர் பார்க்கும். இருண்ட கூடத்தைக் காட்டினால் தூக்கி வெளுப்பாக்கிவிடும். அதனால் எக்ஸ்போஷரை நாமே குறைக்க வேண்டும். மைனஸ் ஒன்று வைத்தால் வெளிச்சம் பாதியாகும், மைனஸ் இரண்டு என்றால் கால்வாசி. செல்போன் என்றால் நைட் மோடை அணைத்துவிட்டு, திரையில் வெளிச்சம் விழும் இடத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும்.

அதற்காக எல்லாம் கறுப்பாக வந்தால் அது கலையில்லை. ஸ்டுடியோக்காரர்கள் சொல்வதுபோல ‘அண்டர்’ ஆன, வெளிச்சம் போதாத படம். ஓரிடத்திலாவது, ஒரு கன்னத்திலோ கண்டாங்கிச் சேலையின் ஓரத்திலோ, வெளிச்சம் சரியாக விழுந்திருக்க வேண்டும். அதுதான் மிச்ச இருட்டுக்கு அர்த்தம் கொடுக்கும்.

பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குள் போக வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். ஆனால் முற்றமுள்ள உங்கள் சொந்த வீட்டில் ஆச்சியோ அப்பத்தாவோ இருக்கிறார்களா? காலை பத்து மணிவாக்கில் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, முற்றம் அவர்களுக்கு ஒரு பக்கமாக இருக்கும்படி உட்காரவைத்து எடுங்கள். ஒரு கன்னம் வெளிச்சத்தில், மறு கன்னம் நிழலில் இருக்கட்டும். முகத்தைத் தானாக வெளுப்பாக்கும் பியூட்டி மோடைக் கிட்டவே சேர்க்காதீர்கள். ஆச்சியின் நிறம் ஆச்சியுடையது.

பிரிண்ட் போடக் கொடுக்கும்போது, வெளிச்சத்தைக் கூட்டாமல் அப்படியே போடச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கூட்டித்தான் போடுவார்கள்.