பொறுமைக்கு எத்தனை கை வேண்டும்?



குழந்தை வளர்ப்பு என்று பேச்செடுத்தால் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். தாயைத் தெய்வம் என்று கும்பிடுவோம். இல்லையென்றால் அவள் படுகிற பாட்டைச் சொல்லிச் சிரிப்போம். கும்பிடும்போதும் சரி, சிரிக்கும்போதும் சரி, அழுகிற குழந்தையைக் கைநீட்டி வாங்கிக்கொள்வதில்லை. 'பெற்றவளுக்குப் பொறுமை வேண்டாமா?' என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். பொறுமையைப் பிறவிக்குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தூக்கமும் உதவிக்கு ஆளும் இருக்கிற வீட்டில் அது தானாக வருகிறது. இரண்டும் இல்லாத வீட்டில் எவ்வளவு நல்லவளுக்கும் விளக்கு வைப்பதற்குள் தீர்ந்துபோகிறது. தாயின் பொறுமையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அவளைச் சுற்றி எத்தனை கைகள் இருக்கின்றன என்றுதான் முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும்.

தூக்கத்திலிருந்து தொடங்கலாம். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதைக் கேட்கிற புதுத் தாய்க்கு, அப்படித் தூங்குகிற குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். கணக்கு சரிதான். ஆனால் அந்தத் தூக்கம் துண்டு துண்டாக வருகிறது. இரவு எது, பகல் எது என்று குழந்தையின் உடம்புக்குப் பிடிபட ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. அதுவரை நடுராத்திரி இரண்டு மணிக்கு அது விளையாடக் கூப்பிட்டால் அதன்மேல் தப்பில்லை. ஒருவழியாகத் தூங்கவைத்துக் கிடத்தலாம் என்று குனிந்ததும் கண்ணைத் திறக்கிறதே, அதற்கும் காரணம் இருக்கிறது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடாவும் அவர் குழுவினரும் 21 குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து 2022-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தாயின் உடம்பை விட்டுப் பிரியத் தொடங்கும்போதே குழந்தையின் துடிப்பு மாறிவிடுகிறது. முதுகு பாயில் படும்வரை அது காத்திருப்பதில்லை. அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடங்கள், தூங்கியபின் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் மடியிலேயே வைத்திருங்கள், அதற்கப்புறம் கிடத்துங்கள் என்பது அவர்கள் சொன்ன வழி. நம் ஊர்ப் பாட்டிகள் இதற்கு ஆய்வு வேறா என்று கேட்பார்கள். போகட்டும், நேரத்தைக் கணக்குப் பாருங்கள். ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடம், ஒரு நாளைக்குப் பல தடவை. அந்தப் பத்து நிமிடத்தில் அடுப்பில் பால் பொங்கிவிடும், மூத்தது வாளித் தண்ணீரில் இறங்கிவிடும். விஞ்ஞானம் வழி சொல்லிவிட்டது. மூத்ததை வாளியிலிருந்து தூக்க இன்னொரு ஆள் வேண்டும்.

இந்த அவதியை நம் இலக்கியம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்கிறது. பெரியாழ்வாரின் யசோதை, பிள்ளையைக் கிடத்தினாலும் தூக்கினாலும் அணைத்தாலும் அவன் படுத்துகிற பாட்டில் தன் உடம்பு இளைத்துப்போனதாக முறையிடுகிறாள். கடவுளே என்றாலும் கைக்குழந்தையாக வந்தால் தாயின் இடுப்பு ஒடியத்தான் செய்யும் என்பதில் ஆழ்வாருக்குச் சந்தேகமில்லை. யசோதை தனக்குத்தானே புலம்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எதிரில் இன்னொரு பெண் இருக்கிறாள், அவளைக் கூப்பிட்டுச் சொல்கிறாள். கேட்க ஆள் இருப்பதால் அந்தப் புலம்பலில் சிரிப்பும் கலந்துவிடுகிறது. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று உண்டு. குழந்தையோடு விளையாட வா என்று நிலாவைச் சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நான்கு உபாயங்களாலும் அழைப்பது அங்கே மரபு. அரசர்கள் பகைவரிடம் காட்டவேண்டிய ராஜதந்திரம் அது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நாலு வாய் பருப்புச் சாதம் ஊட்டுகிறவள் நான்கையும் ஒரே வேளையில் பயன்படுத்தித் தீர்த்துவிடுகிறாள். கொஞ்சுவாள், காக்காய்க்குக் கொடுத்துவிடுவேன் என்பாள், பொம்மை தருவதாகச் சொல்வாள். தண்டம்வரைக்கும் போய்விட்டாளானால், பெரும்பாலும் காலையிலிருந்து தனியாகவே இருந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்றைய தாய் எப்படித் தனியானாள் என்று பார்க்க, ஆந்திர எல்லை ஊரான சத்தியவேட்டுக்கு வருவோம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி மாநில எல்லை மாறும்வரை செங்கல்பட்டு மாவட்டத்தோடு இருந்த பகுதி இது. பிறகு சித்தூர் மாவட்டம், 2022 முதல் திருப்பதி மாவட்டம். தமிழில் தாலாட்டித் தெலுங்கில் அதட்டுகிற வீடுகள் உள்ள ஊர். ஊத்துக்கோட்டைப் பக்கமோ கும்மிடிப்பூண்டிப் பக்கமோ பெண் எடுத்திருந்தால், பிள்ளை பெற்றவளின் அம்மா எல்லைக்கு அந்தப்புறம் இருப்பார். வயல்வேலைக் காலத்தில் கைக்குழந்தைக்காரி வரப்போரத்து மரத்தில் புடவையால் தூளி கட்டிவிட்டு நடவுக்கு இறங்கினாள். அழுதால் கரையேறிப் பால் கொடுத்தாள். நிலக்காரர் முகம் சுளித்திருக்கலாம், ஆனால் மரம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தது. சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் எழும்பியபின் வேலை ஆலைக்குள் போய்விட்டது. 2015 முதல் அங்கே கைபேசிகள் தயாராகின்றன. அந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும், குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு அதில் ஏறுவது என்பதுதான் கேள்வி. அங்கன்வாடி இருக்கிறதே என்பீர்கள். 1975 அக்டோபர் 2 முதல் நடக்கிற அந்தத் திட்டம் அருமையானதுதான். ஆனால் அது உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது மூன்றிலிருந்து ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு. மூன்றுக்குக் கீழே இருந்தால் சத்துமாவு வீட்டுக்கு வரும், பார்த்துக்கொள்ள ஆள் வராது. ஓயாமல் ஓடி, கையில் கிடைத்ததை வாயில் போட்டு, கதவிடுக்கில் விரலை விடுகிற வயது அதுதான். அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்த 'பால்னா' என்ற மத்தியத் திட்டம் 2022-இல் வந்தது. நாட்டில் ஏறக்குறைய 14 லட்சம் அங்கன்வாடிகள். அந்தத் திட்டத்தின் இலக்கு 17,000.

இந்த இடைவெளியில் வீட்டில் சும்மா இருக்கிற ஒரே ஆள் கைபேசி. அதைக் காட்டிச் சோறூட்டுகிறாளே என்று தாயைத் திட்டாத ஆளில்லை. ஒரு வயதுக்குள் திரையே கூடாது, இரண்டு வயதுக்குப் பிறகும் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது சரியான அறிவுரை. எனக்கு அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கைபேசியைப் பிடுங்குகிறவர், அது பார்த்துக்கொண்டிருந்த குழந்தையைத் தான் பத்து நிமிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் அறிவுரை மட்டும் சொல்வது எளிது.

'எங்கள் பாட்டி பத்துப் பெற்றாள், ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை' என்று உடனே ஒரு குரல் வரும். நியாயமான பேச்சுபோலத் தெரியும், ஆனால் அந்தப் பத்தில் எத்தனை தங்கியது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1971-இல் கூட இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயது முடிவதற்குள் இறந்தன. 2020-இல் அது 28. தங்கிய பிள்ளைகளையும் பாட்டி ஒற்றை ஆளாக வளர்த்துவிடவில்லை. மாமியார், நாத்தனார், ஓரகத்தி, எதிர்வீட்டுக்காரி எல்லாரும் இருந்தார்கள். எல்லாரையும்விட, இடுப்பில் தம்பியோடு நின்ற எட்டு வயதுப் பெண் இருந்தாள். அவள் பள்ளிக்கூடம் போகாததால்தான் அந்தப் பொறுமைக்குக் கை கிடைத்தது. இன்று அவள் பள்ளிக்குப் போகிறாள், போகத்தான் வேண்டும். அவள் விட்டுப்போன இடத்தை யார் நிரப்புவது என்று நாம் யோசிக்கவேயில்லை. மனித இனமே இப்படிப் பல கைகளில் வளர்ந்துதான் தப்பிப் பிழைத்தது என்று மானுடவியலாளர் சாரா ஹர்டி 2009-இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே பேரப் பிள்ளைகளுக்காகக் கிழங்கு தோண்டிவரும் பாட்டிகளைக் கிறிஸ்டன் ஹாக்ஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தாய் தனியாக எல்லாவற்றையும் செய்துவிடுவாள் என்ற எதிர்பார்ப்புக்குப் பழமையில் ஆதாரம் தேடினால் கிடைக்காது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. காப்பகம், விடுப்பு என்று செலவை முதலாளி தலையில் கட்டினால் அவர் பெண்களை வேலைக்கே எடுக்கமாட்டார் என்பது. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்று பெண்களை மட்டும் எண்ணியது. செலவைத் தவிர்க்க நினைக்கிறவருக்கு, பெண்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள அதுவே வழிகாட்டியது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு சலுகைச் சட்டம் கணக்கை மாற்றியது. ஆண், பெண் எல்லாரையும் சேர்த்து 50 பேர் இருந்தாலே காப்பகம் கட்டாயம். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். பெண்களைத் தவிர்ப்பதால் இனி முதலாளிக்கு மிச்சமில்லை. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பும் அதே திருத்தத்தில்தான் வந்தது. ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்த தொழிலாளிக்கு அந்தக் காலத்துப் பணம் காப்பீட்டிலிருந்து போகிறது, முதலாளியின் பையிலிருந்து போவதில்லை. காப்பகச் செலவுக்கும் இப்படியொரு பொது ஏற்பாடு வேண்டும் என்பது என் கருத்து. பக்கத்துப் பக்கத்து ஆலைகள் சேர்ந்து ஒன்று நடத்தினாலும் போதும். கிராமத்துக்கும் வழி இல்லாமலில்லை. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை நடக்கும் இடத்துக்கு ஐந்து சிறுகுழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அதற்கும் கூலி கொடு என்று எழுதிவைத்தது. கர்நாடகம் 2023-இல் 'கூசின மனே' என்ற பெயரில் கிராமப் பஞ்சாயத்துகளில் குழந்தைக் காப்பகங்களைத் தொடங்கியது.

அரசாங்கமும் ஆலையும் வரும்வரை வீட்டில் இருக்கிற அப்பாவின் இரண்டு கைகளையும் மறந்துவிடக் கூடாது. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டாரைப் பராமரிக்கிற 15 முதல் 59 வயதுப் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 140 நிமிடம் செலவிடுகிறார்கள்; அதே வயது ஆண்கள் 74 நிமிடம். சமையல், துவைப்பு போன்ற வீட்டுவேலைகள் இதில் சேரவில்லை. அவற்றில் வித்தியாசம் இன்னும் பெரியது. இந்த 74 நிமிடத்தை வைத்துக்கொண்டு 'நான் அவளுக்கு உதவி செய்கிறேன்' என்று பெருமைப்படுகிற அப்பாக்கள் உண்டு. தன் பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவது யாருக்குச் செய்கிற உதவி என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆலைக்குப் போகிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. மகப்பேறு உரிமைகள் எல்லாவற்றையும் வேலையில் சேரும்போதே எழுத்தில் தரவேண்டும் என்று 2017 திருத்தம் விதித்தது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஆலையின் காப்பகம் எந்தக் கட்டடத்தில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, ராத்திரி ஷிப்டுக்கும் உண்டா என்று நாலு பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள்.